கரடுமுரடான வீதிகளும் எமது வாகனங்களின் டயர்களும்

வடகீழ்ப் பருவமழை நெருங்கும்போது வடக்கிலும் கிழக்கிலும் டயர்க் கடைகளின் முன்னால் கெப் வாகனங்கள் வந்து நிற்பது வழமையான காட்சியாகும். பெரும்போக விதைப்புக்காக வயலுக்குச் சென்றுவர வேண்டிய விவசாயி, கரைவலை வாடிகளுக்கு மீன் ஏற்றச் செல்லும் வியாபாரி, உட்கிராமங்களில் கடமையாற்றும் அரச உத்தியோகத்தர் என அனைவரும் கேட்பது ஒரே பொருளைத்தான். "ஓல் டெரைன்" என்று அழைக்கப்படும், எல்லா நிலத்துக்கும் ஏற்றது எனச் சொல்லப்படும் டயரே அது. அதன் பெயரை நம்பிப் பணத்தைக் கொட்டுவோரில் எத்தனை பேர் தமது வாகனம் ஓடும் நிலம் எதுவென்று ஒரு கணம் சிந்திக்கின்றனர் என்பதே எமது கேள்வி.

இக்கேள்வி இன்று முன்னரிலும் முக்கியமானதாகும். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் எமது மக்கள் பழைய வாகனங்களையே பழுதுபார்த்து ஓட்டி வந்தனர். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது டயர் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. நான்கு டயர்களை ஒன்றாக மாற்றுவது ஒரு குடும்பத்தின் வரவு செலவையே ஆட்டங்காணச் செய்யும் இக்காலத்தில், தவறான தெரிவின் விலை பணத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. கெப்பின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிச்செல்லும் வழக்கம் எம்மிடையே இன்னும் மறையவில்லை.

எமது மண்ணுக்கு இறப்பர் வந்த கதையை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. பிரேசிலில் இருந்து இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. சரியாக நூறு ஆண்டுகளின் பின்னர், 1976 இல், அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பனி ரேடியல் வகையில் முதலாவது ஓல் டெரைன் டயரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. மெக்சிக்கோவின் பாஹா பாலைவனத்தில் நடைபெறும் மோட்டார்ப் பந்தயங்களே அதற்குப் புகழ் தேடிக் கொடுத்தன. அதுவரை தார் வீதிக்கு ஒரு டயர், சேற்றுக்கு இன்னொரு டயர் என்றிருந்த நிலைமைக்கு இடைநடுவே பிறந்த சமரசமே இந்த வகை. சமரசம் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே பயன்படுத்துகின்றோம்.

கெப், ஜீப் வாகனங்களுக்கான டயர்கள் பொதுவாக மூன்று வகைப்படும். எச்.ரி. எனப்படுவது தார் வீதிக்கானது. அதன் மேற்பரப்பில் இறப்பர் அதிகமாகவும் இடைவெளி குறைவாகவும் இருக்கும். சத்தமின்றி ஓடும், எரிபொருளைச் சேமிக்கும். எம்.ரி. எனப்படுவது சேற்றுக்கானது. பெரிய இறப்பர்க் கட்டிகளும் அவற்றுக்கிடையே அகன்ற பள்ளங்களும் கொண்ட இந்த டயர், சுழலும் வேகத்தில் தன்னில் ஒட்டிய சேற்றைத் தானே வீசியெறியும். ஆனால் நனைந்த தார் வீதியில் இதன் பிடி குறைவு. தரையைத் தொடும் இறப்பரின் அளவு குறைவாக இருப்பதும், ஈரத்தைக் கிழித்துப் பிடிக்கும் மெல்லிய கீறல்கள் அதில் அதிகம் இல்லாதிருப்பதும் அதற்குக் காரணங்களாகும். ஏ.ரி. எனப்படும் ஓல் டெரைன் டயர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றது. அதன் இறப்பர்க் கட்டிகளில் சவரக் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் காணப்படும். ஈரவீதியில் வாகனத்தை நிறுத்துவதற்குத் துணை செய்வன அவையே. வாங்கச் செல்பவர் பள்ளங்களின் ஆழத்தை மட்டும் விரல்விட்டுப் பார்த்துத் திருப்தியடையாமல் இந்த வெட்டுகளையும் உற்றுநோக்க வேண்டும்.

2002 ஆம் ஆண்டு ஏ–9 வீதி திறக்கப்பட்டபோது செய்தி சேகரிப்பதற்காக வாடகைக் கெப் ஒன்றில் நாம் வன்னிக்குச் சென்றிருந்தோம். வீதி என்ற பெயரில் அன்று இருந்தது குழிகளின் தொடர்ச்சியே. முல்லைத்தீவுக் கரையோரத்தில் காய்ந்த மணலில் எமது வாகனம் அச்சுவரை புதைந்தது. சில்லு சுழலச் சுழலக் குழி ஆழமாயிற்றே தவிர வாகனம் நகரவில்லை. ஆறு பேர் தள்ளியும் பயனில்லை. வயதில் மூத்த சாரதி இறங்கி வந்து, "தம்பி, இனி ஒருத்தரும் தள்ள வேண்டாம், கொஞ்சம் காற்றை இறக்குவம்" என்றார். நான்கு டயர்களிலும் ஏறக்குறைய அரைவாசிக் காற்றை வெளியேற்றிய பின்னர் வாகனம் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தது. தார் வீதிக்கு ஏறியதும் கால்பம்பியை எடுத்து அவரே நான்குக்கும் திரும்பக் காற்றடித்தார். வியர்வை வழிய அவர் அடித்துக்கொண்டிருக்க, இப்படியே போனால் என்ன என்று நாம் கேட்டோம். "இப்படியே ஓடினால் டயர் சூடாகி வெடிக்கும்" என்பதே பதிலாக வந்தது.

அன்று எமக்குப் புரியாத விடயம் பின்னர் புரிந்தது. காற்று குறையும்போது டயர் நீளவாக்கில் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு அதிகரிக்கின்றது. வாகனத்தின் பாரம் பரவுவதால் அது மணலில் புதைவதில்லை. சாதாரணமாக 30 இறாத்தலுக்கு மேல் வைத்திருக்கும் டயரை மணலில் 18 அல்லது 20 இறாத்தலுக்கு இறக்குவது அனுபவசாலிகளின் வழக்கம். ஆழ்ந்த பள்ளங்களைக் கொண்ட எம்.ரி. டயரோ மணலை அள்ளி வீசித் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். ஆகவே கற்பிட்டி, மணற்காடு, மன்னார் போன்ற மணற்பாங்கான இடங்களில் வாழ்வோர் முரட்டுத் தோற்றமுள்ள டயருக்குப் பணம் செலவிடுவதிலும் பார்க்க, ஒரு காற்றுமானியும் சிறிய காற்றுப் பம்பியும் வாங்கி வாகனத்தில் வைத்திருப்பது பயனுள்ளது.

களிமண் வேறு கதை. சம்மாந்துறை, கிண்ணியா, கிளிநொச்சி வயற்புறங்களில் மாரி காலத்தில் வண்டிப்பாதைகள் எப்படியிருக்கும் என்பதை அங்குள்ளோருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஏ.ரி. டயரின் குறுகிய பள்ளங்களைக் களிமண் சில நிமிடங்களில் நிரப்பிவிடும். அதன் பின்னர் அந்த டயர் வழுக்கை டயருக்குச் சமமே. இங்கு எம்.ரி. டயர் உண்மையிலேயே மேலானது. ஆயினும் வருடத்தில் இரண்டு, மூன்று மாதங்களுக்காக, அதுவும் நாளொன்றுக்கு ஒரு கிலோமீற்றர் பாதைக்காக, மிகுதிக் காலம் முழுவதும் காபட் வீதியில் எரிபொருளை விரயமாக்கிக்கொண்டு இரைச்சலோடு ஓடுவது அறிவுடைமையா? கெப்பை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு உழவு இயந்திரத்தில் வயலுக்குச் செல்வதே மலிவானது என்பது எமது அபிப்பிராயம். அன்று குழிகளாகக் கிடந்த ஏ–9 வீதி இன்று காபட் இடப்பட்டுவிட்டது. வீதி மாறியபோதிலும் டயர் பற்றிய எமது ரசனை மட்டும் போர்க்காலத்திலேயே நின்றுவிட்டதாகத் தோன்றுகின்றது.

கிரவல் வீதியும் கல் வீதியுமே ஏ.ரி. டயரின் உண்மையான களம். குடாநாட்டின் சுண்ணக்கல் ஒழுங்கைகளிலும் மலையகத்தின் தோட்டப் பாதைகளிலும் டயரை அழிப்பது கூரிய கற்களாகும். மேற்பரப்பில் ஏற்படும் துளையை ஒட்டிச் சரிசெய்யலாம். பக்கச் சுவர் கிழிந்தால் டயர் குப்பைக்கே போகும். எனவே தினமும் கல் வீதியில் ஓடுவோர் பக்கச் சுவர் பலப்படுத்தப்பட்ட, எல்.ரி. என்ற எழுத்துகளுடன் அளவு தொடங்கும் இலகு லொறி வகையைக் கேட்டு வாங்கலாம். இவை பாரமானவை. அதே சுமையைத் தாங்க இவற்றுக்குக் கூடுதலான காற்று வேண்டும். வெறும் வாகனமாக ஓடும்போது உடலைக் குலுக்கியெடுக்கும். பாரம் ஏற்றாத, கல் வீதியைக் காணாத ஒருவருக்கு இவற்றால் இலாபமில்லை.

சுமை என்று வரும்போது பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கங்களை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 265/65 ஆர் 17 112 எஸ் என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. ஆர் என்பது ரேடியல் வகை. 17 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீற்றர் என்ற வேக எல்லையைக் குறிக்கும். பலரும் கவனியாது விடுவது 112 என்ற இலக்கத்தையே. அந்த டயர் உரிய காற்றுடன் இருக்கும்போது 1,120 கிலோ சுமக்கும் என்பது அதன் பொருள். 104 என்றிருந்தால் 900 கிலோ மாத்திரமே.

இந்த வித்தியாசம் எத்தகையது எனக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெறுமையான டபள் கெப் ஒன்றின் பின் அச்சு சுமப்பது 800 முதல் 900 கிலோ வரை இருக்கும். அதன் மீது 60 கிலோ எடையுள்ள நெல் மூடைகள் இருபதை ஏற்றினால் மேலும் 1,200 கிலோ சேர்கின்றது. பின்புற டயர்கள் இரண்டும் 112 ஆக இருந்தால் 2,240 கிலோ வரை தாங்கும். 104 ஆக இருந்தால் 1,800 கிலோவுடன் அவற்றின் எல்லை முடிந்துவிடும். மலிவாகக் கிடைத்தது என்று குறைந்த இலக்கமுள்ள டயரைப் பூட்டியவர் நண்பகல் வெயிலில் காபட் வீதியில் 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது என்ன நேரும் என்பதை விபரிக்க வேண்டியதில்லை. டயர் தாங்கினாலும் இத்தகைய வாகனங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரு தொன் சுமைக்கே தயாரிக்கப்பட்டவை என்பதையும் இருபதாவது மூடையை ஏற்றுபவர் அறிந்திருக்க வேண்டும்.

வாகனத்தை உயரமாகக் காட்டுவதற்காக டயர் அளவைக் கூட்டும் பழக்கம் இளைஞர்களிடையே பரவி வருகின்றது. மேற்கூறிய அளவை 265/70 ஆக மாற்றினால் விட்டம் 776 மில்லிமீற்றரில் இருந்து 803 ஆக உயரும். வேகமானி 60 காட்டும்போது வாகனம் 62 இல் ஓடும். இது சிறிய மாற்றமே. இதற்கும் மேலே செல்பவர்களின் வாகனங்களில் சுக்கானை முழுமையாகத் திருப்பும்போது டயர் உடற்பாகத்தில் உரசுவதையும், எரிபொருள் செலவு கூடுவதையும், பிறேக் பிடிக்கும் தூரம் நீள்வதையும் நாம் கண்டிருக்கின்றோம்.

சில விற்பனையாளர்கள் எம்+எஸ் என்ற எழுத்துகளையும், மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த அடையாளத்தையும் உயர்தரத்தின் சான்றாகக் காட்டுகின்றனர். முன்னையது சேறும் பனியும் என்று பொருள்படும். பள்ளங்களின் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே அதனைப் பொறித்துக்கொள்ளலாம். பின்னையது பனி வீதிச் சோதனையில் தேறியமைக்கான அடையாளம். பனியைக் காணாத எமது நாட்டில் அதற்காக ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

அதைவிட அவசியமானது டயரின் வயது. டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களே அதைச் சொல்லும். 3523 என்றிருந்தால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் முதுமையடையும். வெப்பமான களஞ்சியத்தில் அது விரைவுபடும். எமது சொந்த வாகனத்துக்கு ஒருமுறை புத்தம்புதிய டயர்கள் என்று வாங்கிப் பூட்டினோம். பளபளப்பாகவே இருந்தன. ஒரு வருடத்துக்குள் பக்கச் சுவரில் மயிர்போன்ற வெடிப்புகள் தோன்றிய பின்னரே இலக்கத்தைத் தேடினோம். வாங்கும்போதே அவற்றுக்கு ஏழு வயது. முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கிப் பூட்டப்பட்டிருந்தமையால் எம் கண்ணில் படவில்லை. பூட்டுவதற்கு முன்னரே இருபுறமும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். ஐந்து வருடங்களைக் கடந்த டயரை வருடந்தோறும் பரிசோதிக்குமாறும், பத்து வருடங்களானதை எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் கழற்றிவிடுமாறும் பிரபல தயாரிப்பாளர்களே கூறுகின்றனர். பின்புறம் தொங்கும் மேலதிக டயருக்கும் இது பொருந்தும்.

நான்கு சில்லுகளுக்கும் சக்தி செல்லும் வாகனத்தில் வெவ்வேறு அளவில் தேய்ந்த டயர்களைக் கலந்து பூட்டுவது இயந்திரப் பாகங்களுக்குக் கேடு. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின்னாக மாற்றிப் பூட்டினால் நான்கும் ஒன்றாகத் தேயும். பள்ளங்களின் அடியிலுள்ள சிறிய மேடுகள் மேற்பரப்புடன் சமமாகும்போது எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் மட்டுமே. மாரி காலத்தில் அதுவரை காத்திருப்பது ஆபத்தானது. 3 மில்லிமீற்றருக்குக் கீழ் வந்தவுடனேயே ஈரவீதியில் பிடி தளரத் தொடங்கிவிடும்.

எந்த டயராலும் ஆகாத காரியம் ஒன்றுண்டு. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் பலியானதை நாம் மறந்திருக்க முடியாது. ஆளுயரச் சில்லுகளைக் கொண்ட உழவு இயந்திரத்துக்கே அந்த நிலை. ஓடும் நீர் வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதோடு அதை மிதக்கவும் செய்கின்றது. சில்லுகளின் மீதுள்ள பாரம் குறைந்ததும் டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடி இல்லாமற்போகின்றது. புதிய ஏ.ரி. டயர் பூட்டிய துணிவில் வீதியை மூடிப் பாயும் வெள்ளத்தில் இறங்குவோர் மாரி தோறும் இருக்கத்தான் செய்கின்றனர். அத்தகைய இடத்தில் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே செல்ல வேண்டும்.

கழற்றிய பழைய டயர்களை வீட்டின் பின்புறம் எறிந்துவிட்டு வருவதும் எம்மவர் வழக்கம். மாரி மழையில் அவற்றுள் தேங்கும் ஒரு கோப்பை நீர் டெங்கு நுளம்பு பெருகுவதற்குப் போதுமானது. புதியவற்றை வாங்கும் இடத்திலேயே பழையவற்றையும் ஒப்படைக்க முடியுமா என்று விலை பேசும்போதே கேட்டுக்கொள்ளலாம். முடியாதவிடத்து அவற்றை மழை நனையாத கூரையின் கீழ் வைக்க வேண்டும்.