துப்பாக்கிப் பிடியில் மாதா

தலைப்பிலேயே ஒரு சிலுவை நிற்கிறது. ஆஸ்திரேலிய இயக்குநர் பாஸ் லூர்மன் 1996-ல் எடுத்த ‘ரோமியோ + ஜூலியட்’ படத்தில், இரு பெயர்களுக்கும் நடுவே உள்ள கூட்டல் குறியைச் சிலுவையாக வரைந்திருக்கிறார்கள். படம் தொடங்கியதும் வெரோனா பீச் என்ற கற்பனை நகரம் வருகிறது. பகையாளிக் குடும்பங்களான மாண்டேக், காப்யுலெட் இரண்டுக்கும் ஆளுக்கொரு வானளாவிய கட்டடம். இரண்டுக்கும் நடுவில் கைகளை விரித்தபடி பிரம்மாண்டமான இயேசு சிலை.

படப்பிடிப்பின் பெரும்பகுதி கத்தோலிக்க மெக்சிகோவில் நடந்தது. தெருமுனையிலும் கடையிலும் படுக்கையறையிலும் சொரூபம் வைக்கும் அந்த மண்ணின் பக்தியை லூர்மன் அப்படியே அள்ளிக்கொண்டார். ஜூலியட்டின் (கிளேர் டேன்ஸ்) அறை முழுக்க மாதாவும் சம்மனசுகளும். பாதர் லாரன்ஸின் முதுகில் பெரிய சிலுவை பச்சை குத்தியிருக்கிறது. காப்யுலெட் வீட்டு முரடன் டிபால்ட் கோட்டை விலக்கினால் உள்சட்டையில் இயேசு. அவன் துப்பாக்கியின் பிடியில் மாதா. ஆயுத பூஜை பார்த்து வளர்ந்த நமக்கு இது அத்தனை விசித்திரமாகத் தெரியாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் பொட்டு வைத்து ஓரமாய் வைக்கிற ஆயுதம் இல்லை இது, நாள்தோறும் சுடுகிறது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, ரோமியோவைக் கிறிஸ்துவின் சாயலாகப் படிப்பவர்கள் உண்டு. இரண்டு குடும்பத்தின் பாவத்துக்காகப் பலியான அப்பாவி என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லியொனார்டோ டிகாப்ரியோவின் ரோமியோ, நண்பன் மெர்குஷியோ செத்த ஆத்திரத்தில் டிபால்ட்டைத் துரத்திப்போய்ச் சுடுகிறான். குண்டு பட்டவன் இயேசு சிலையின் அடியில் இருக்கும் தடாகத்தில் விழுகிறான். பகைவனை மன்னிக்கச் சொன்னவரின் காலடியிலேயே கதாநாயகன் கொலைகாரன் ஆகிறான். இப்படி ஒரு காட்சியை வைத்த இயக்குநர், அவனை இரட்சகனாகக் காட்ட நினைத்திருப்பாரா?

சமயத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. காதலர்கள் முதன்முதலில் பேசும் பதினான்கு வரிகளை ஷேக்ஸ்பியர் யாத்திரிகனும் புனிதையும் பேசுவதுபோல எழுதினார். லூர்மன் அதற்கேற்பவே மாறுவேட விருந்தில் ஜூலியட்டுக்குச் சிறகு மாட்டினார், ரோமியோவுக்குக் கவசம். டிபால்ட்டுக்குக் கொம்பு வைத்த சாத்தான் வேடம்! இது கொஞ்சம் அதிகப்படிதான். அதைவிட நுட்பமானது மாடக் காட்சி. நாடகத்தில், காதலன் என்று நீ அழைத்தால் போதும், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவனாவேன் என்ற பொருளில் ரோமியோ பேசுவான். படத்தில் மாடத்தைக் கைவிட்டு இருவரையும் நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டார் லூர்மன். குடும்பப் பெயரைக் களைய விரும்புகிறவர்களுக்குப் பொருத்தமான தண்ணீர்தான்.

முடிவு இன்னும் துணிச்சலானது. நாடகத்தில் ஜூலியட் கிடப்பது குடும்பக் கல்லறையில். படத்தில் அவளைத் தேவாலயப் பீடத்தின் முன்னே கிடத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் மெழுகுவத்திகள், வழிநெடுக நீல நியான் சிலுவைகள். மணமகள் நடந்துவரும் வழியில் ரோமியோ நடந்துவருகிறான், கையில் விஷத்தோடு. ஷேக்ஸ்பியர் கணக்கில், பாதர் கொடுத்த மருந்தைக் குடித்த ஜூலியட் செத்தவள்போலக் கிடக்க வேண்டியது 42 மணி நேரம். பிறகு எழுவாள். அமைப்பைப் பார்த்தால் இது ஈஸ்டர் கதை. இந்த உயிர்ப்பை முன்கூட்டியே அறிவிக்கும் நற்செய்திதான் போய்ச் சேரவில்லை. நாடகத்தில் ரோமியோவுக்குக் கடிதம் கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய்க்கு அஞ்சி அடைத்துவைத்ததால் அது நின்றுபோகிறது. படத்தில் கூரியர்க்காரர் வந்த நேரத்தில் ரோமியோ கண்ணில் படவில்லை. விதி என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாத அற்பக் காரணம்.

மூல நாடகத்தில் ரோமியோ இறந்த பிறகே ஜூலியட் விழிக்கிறாள். அவன் சாகும் முன்பே அவளை எழுப்பிவிடுவது மேடைக்குப் புதிதல்ல. 1748-ல் ஆங்கில நடிகர் டேவிட் காரிக் அப்படித்தான் மாற்றி, இருவருக்கும் நீண்ட உரையாடலும் எழுதிக்கொடுத்தார். லூர்மனும் அவளை முன்பே எழுப்புகிறார், ஆனால் பேசிக்கொள்ளும் அந்தச் சலுகையைத் தரவில்லை. அவள் கண் திறந்து அவன் கன்னத்தைத் தொடுகிறாள். விஷம் ஏற்கெனவே தொண்டையில். உயிர்த்தெழுந்தவளை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். நம்புவதற்குத் தேவையான சாட்சி முழுதாகக் கிடைத்தும் பயனில்லாத ஈஸ்டர் இது. ரோமியோவுக்கு முள்முடி சூட்டிப் பார்ப்பவர்கள் இந்தக் கொடுமையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.