இணையத்தில் நம் பெயர்

ஸ்பெயின் நாட்டு நாளிதழ் ஒன்றில் 1998ஆம் ஆண்டு ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. சமூகக் காப்புறுதிப் பாக்கிக்காக ஒருவருடைய சொத்து ஏலத்திற்கு வருகிறது என்பதே செய்தி. அந்த விவகாரம் பின்னர் முழுவதும் தீர்ந்துவிட்டது. ஆனால் நாளிதழ் தன் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியது. அதன்பின் கூகுளில் அவர் பெயரைத் தேடியவர்களுக்கெல்லாம் அந்தப் பழைய ஏலமே முன்வந்து நின்றது!

இது எவ்வாறு நிகழ்கிறது? நாம் கேட்கும் நேரத்தில் தேடுபொறி இணையம் முழுவதையும் புரட்டிப் பார்ப்பதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று முன்னதாகவே அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறது. நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போன்றது இது. செய்தி பழையதாகிவிட்டது என்பதற்காக அட்டவணை அதைத் தானாக நீக்கிவிடுவதில்லை.

வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தை எட்டியது. 2014 மே 13ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கலாம். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டால், அவர் பெயரைத் தேடும்போது வரும் காலங்கடந்த, பொருத்தமற்ற இணைப்புகளைத் தேடுபொறி நீக்கவேண்டும். பொதுமக்கள் அறியவேண்டிய செய்தியாயின் நீக்கவேண்டியதில்லை.

பக்கம் வேறு, அதைச் சுட்டும் அட்டவணை வேறு என்பதை இதிலிருந்து அறிகிறோம். அவ்வப்போது உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். தவறான செய்தி இருப்பின் முதலில் பக்கத்தின் உரிமையாளருக்கு எழுதுங்கள். பக்கம் நீங்கினால் நாளடைவில் அட்டவணையிலிருந்தும் நீங்கும். அட்டவணையில் மட்டும் நீக்கினால் பக்கம் வேறு வழியில் கிடைத்துக்கொண்டே இருக்கும். பிறர் படியெடுத்து வைத்துவிட்டாலோ, இரண்டும் போதா. ஆகவே, எழுதுமுன் எண்ணுவதே நற்பெயருக்கு முதற்காப்பு.