அச்சில் வார்த்த பள்ளிக்கூடம்



மணிமுத்தாறு அணையை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த அவ்வணை, 118 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கக் கூடியது. கல்லும் மண்ணும் கலவையும் அவ்விடத்துக்கே கொண்டுவரப்பட்டு, அங்கேயே எழுப்பப்பட்டது அது. நம் பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் அவ்வாறே கட்டப்படுகின்றன. ஆயினும், தூண், உத்தரம், கூரைப்பலகை ஆகியவற்றைத் தனித்தனியே வேறோர் இடத்தில் வார்த்து, கொணர்ந்து, பூட்டிக் கட்டும் முறையும் ஒன்றுண்டு. அதனை முன்வார்ப்புக் கான்கிரீட் முறை என்பர். இன்று அதைப்பற்றியே பேச விரும்புகிறேன்.

இம்முறையின் பயன் யாது? வழக்கமான முறையில் கூரை வார்ப்பதற்குப் பலகையும் முட்டும் கொடுத்துச் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். கான்கிரீட் தன் வலிமையைப் பெறுவதைப் பொறியாளர் 28 நாட்கள் வைத்துக் கணக்கிடுவர். நம் பகுதியிலோ ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, வேலை தடைப்படும். முன்வார்ப்பில், அடித்தளம் தோண்டும்போதே மறுபுறம் பட்டறையில், மழை படாத கூரையின்கீழ், உத்தரங்கள் உருவாகிவிடும். ஒரே அச்சைப் பலமுறை பயன்படுத்தலாம். கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதையும் செவ்வனே பார்க்கலாம். வகுப்பறைகள் பெரும்பாலும் ஒரே அளவினவாதலின், பள்ளிக்கு இம்முறை மிகவும் பொருந்தும்.

இனி ஒரு சிறு கணக்கு. 6 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரமுள்ள உத்தரத்தின் கன அளவு 0.81 கனமீட்டர். கம்பியோடு கூடிய கான்கிரீட் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2,500 கிலோகிராம் எடையுள்ளது. எனவே அவ்வுத்தரம் இரண்டு டன்னுக்குமேல் கனக்கும். அதைத் தூக்கக் கிரேன் வேண்டும்; கிரேன் வரப் பாதை வேண்டும். மாஞ்சோலை போன்ற மலையூருக்கு இது எளிதன்று. இக்குறையை எண்ணியே, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் சிறிய முன்வார்ப்புப் பலகைகளையும் துணை உத்தரங்களையும் வகுத்தது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள அப்பலகையை இருவர் கையாலேயே தூக்கி வைக்கலாம்.

ஆனால் இம்முறையின் உயிர்நிலை இணைப்பிலேயே உள்ளது. இருந்த இடத்திலேயே வார்த்த கட்டிடத்தில் தூணின் கம்பியும் உத்தரத்தின் கம்பியும் பின்னிப் பிணைந்து, எல்லாம் ஓருடலாக நிற்கும். முன்வார்ப்பிலோ அவை தனித்தனி உறுப்புகள். நீட்டிவிட்ட கம்பிகளைப் பிணைத்து, இடைவெளியைச் சுருங்காத சிமெண்டுக் கலவையால் நிரப்பி, கூரைப்பலகைகளின் மேல் கம்பிவலை பரப்பிக் கான்கிரீட் இட்டால்தான் அவை ஓருடலாகும். இல்லையேல், அடுக்கி வைத்த சீட்டுக்கட்டே அது!

இதற்குக் கசப்பான சான்றுகள் உண்டு. 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நிலம் நடுங்கியபோது, பள்ளி நேரம். முன்வார்ப்புச் சட்டங்களால் ஆன கட்டிடங்கள் பல நொறுங்கின; பெரிய சுவர்ப்பலகைகளை உறுதியாகப் பிணைத்துக் கட்டிய முன்வார்ப்பு வீடுகளோ தாங்கி நின்றன. 2001 சனவரி 26 அன்று குசராத்தின் கட்ச் பகுதியிலும் முன்வார்ப்புப் பள்ளிகள் பல, பிணைப்புக் குறையால் கூரை சரிந்தன. அன்று குடியரசு நாள் விடுமுறை, வகுப்புகள் நடைபெறவில்லை.

பழைய முறையே பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2021 டிசம்பரில் நம் திருநெல்வேலியிலேயே ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மாண்டனர். அங்கே இடிந்தது முன்வார்ப்பன்று. எம்முறையாயினும், கட்டுவோரின் கவனமும் ஆண்டுதோறும் செய்யும் சோதனையுமே குழந்தைகளைக் காக்கும். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கூரையில் நீர்க்கசிவும் சுவரில் வெடிப்பும் உள்ளனவா என்று அறைதோறும் பார்த்து வருவதை நான் வழக்கமாகக் கொண்டிருந்தேன்.

உங்களில் சிலர் நாளை பொறியாளராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள். புதிய பள்ளிக் கட்டிடம் ஒன்று எழும்போது, "எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்பதற்கு முன், "இணைப்பை யார் சோதித்தார்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை எழுத்தில் இருக்குமானால், அக்கூரையின்கீழ்க் குழந்தைகளை நம்பி அமர்த்தலாம்.