பனிக்கு ஒரு மாத்திரை

மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பெயர் பனி. கொச்சியை ஒட்டிய களமசேரியில் மருந்துக்கடைக்குப் போய்ப் பனிக்கு மாத்திரை கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பாராசிட்டமால். உடம்புவலி என்று சேர்த்துச் சொன்னால் வேறொன்றும் வரலாம். இரண்டையும் நாம் 'வலி மாத்திரை' என்றே அழைக்கிறோம். ஆனால் இந்த ஊரில் பனி பல வகை: டெங்கிப்பனி, எலிப்பனி, மஞ்சள் காமாலைக்கு முன்னோடியாக வரும் பனி. முதல் இரண்டு நாளில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். உடம்புச் சூடு, தலைவலி, அடித்துப் போட்டாற்போல அசதி. எந்த மாத்திரை என்ற கேள்வி உயிர்க் கேள்வியாவது அந்த இரண்டு நாளில்தான்.

உடம்புவலிக்கென்று வரும் அந்த இன்னொரு மாத்திரையைப் பார்ப்போம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். (டைக்ளோஃபெனாக்கைச் சட்டப்படி மருத்துவர் சீட்டுக்குத்தான் தர வேண்டும், ஆனால் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது.) உடம்பில் புராஸ்டாகிளாண்டின் உருவாவதை இவை தடுக்கின்றன. ஜான் வேன் இதை 1971இல் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற அந்தப் பொருளேதான் இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைக்கிறது. வலி அடங்கும்போது அந்தக் காவலும் தளர்ந்துவிடும். டெங்கியில் ரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். அப்போது இரைப்பையில் கசியும் ரத்தம் எளிதில் நிற்காது. எலிப்பனியோ சிறுநீரகத்தையே தாக்கக்கூடியது. ஆகவே என்ன காய்ச்சல் என்று தெரியாத நாட்களில் இந்தக் குடும்பத்தின் பக்கமே போகக் கூடாது. குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின் அறவே வேண்டாம்.

அப்படியானால் மிச்சமிருக்கும் பாராசிட்டமாலை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா? கூடாது. நல்ல ஈரல் உள்ள பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே நாலு முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். கணக்கு எங்கே தப்புகிறது என்று பாருங்கள். 650 மில்லிகிராம் மாத்திரை நாலு வேளை: 2,600. மூக்கொழுகலுக்கென்று தனியாக வாங்கிய சளி மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கலாம். மூன்று வேளைக்கு 1,500. கூட்டினால் 4,100. இரண்டு பெயர், இரண்டு நிறம், உள்ளே ஒரே மருந்து. டோலோ, கால்பால், குரோசின் மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான்.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பங்கை ஈரல் நச்சாக மாற்றுகிறது. குளூட்டதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் முறிக்கிறது. நாள்கணக்கில் சாப்பிடாதவருக்கும் தொடர்ந்து குடிப்பவருக்கும் இந்தக் கையிருப்பு குறைவு. 2024 டிசம்பரில் களமசேரி நகராட்சியின் சில வார்டுகளில் ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை பரவியது. அந்த நோய் காய்ச்சல், குமட்டல், பசியின்மை என்றுதான் தொடங்கும். கண் மஞ்சளாவது பிறகு. சோறு இறங்காத வயிறு, வீங்கிய ஈரல், அதன்மேல் வேளைக்கொரு மாத்திரை. இதனால்தான் ஹெபடைடிஸ் ஏ கண்டவர்கள் பாராசிட்டமால் போன்ற தேவையற்ற மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மருந்தில் இன்னொரு பள்ளம் உண்டு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 உள்ள சிரப்பும் கடையில் அருகருகே இருக்கும். அளவை எடை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: ஒரு கிலோவுக்கு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சமையலறைக் கரண்டி இதற்கு உதவாது.

அளவு மீறியவருக்கு முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ஈரல் அதற்குள் கெட ஆரம்பித்திருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்தை, விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும். எதை, எத்தனை, எப்போது விழுங்கினார் என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயர் வெட்டுப்பட்டிருந்தால் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். களமசேரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஓட நேர்ந்தால் வீட்டில் கிடக்கும் அட்டைத் துண்டுகளையெல்லாம், காலியானவை உட்பட, கையோடு கொண்டு போங்கள்.