கால் போத்தல் எண்ணெயும் நிலைபேறான நுகர்வும்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்தாள். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். பல்கலைக்கழக மாணவர்களுக்கான புத்தாக்கப் போட்டி. தலைப்பு, ‘நிலைபேறான நுகர்வை ஊக்குவித்தல்’.

“தமிழை மட்டும் பாத்துத் திருத்திக் குடுங்க டீச்சர்” என்றாள்.

அவளுடைய குழுவின் யோசனை, கைப்பேசியில் இயங்கும் ஒரு செயலி. தோட்டக் குடும்பங்கள் பிளாஸ்டிக் பாவனையைக் குறைக்கக் குறைக்க அதில் புள்ளிகள் சேரும். தமிழில் பெரிய பிழையில்லை. எனக்கு உறுத்தியது வேறு.

“உங்க அம்மா ஷம்பு எப்பிடி வாங்குவாங்க மகள்?”

“சஷே பக்கற்தான் டீச்சர். போத்தல் வாங்க ஒரே தடவையில அவ்வளவு காசுக்கு எங்க போறது?”

அந்தப் பதில் அவளுடைய படிவத்தில் எங்குமே இல்லை. இதை எழுதத் தூண்டியது அதுதான்.

2015 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 12ஆவது, ‘பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும்’ என்பது. அதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நமது பேச்சிலும் பாடசாலைச் சுவரொட்டியிலும் முதலாவது சொல்தான் நிற்கிறது, இரண்டாவது உதிர்ந்துவிடுகிறது. வாங்குபவர் திருந்த வேண்டும் என்கிறோம். செய்து விற்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதில்லை.

நல்ல போட்டிகள் இந்த இரண்டாவது சொல்லையும் பிடித்துக்கொள்கின்றன. பல்கலைக்கழக மாணவருக்கென உலகளவில் நடக்கும் ‘ஹல்ட் பரிசு’ அதற்கு ஓர் உதாரணம். பரிசுத்தொகை பத்து இலட்சம் அமெரிக்க டொலர். இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் இதன் தொடக்கச் சுற்றுகள் நடந்திருக்கின்றன. 2023இல் ஆடை அணிகலன் துறையை மாற்றியமைப்பதே அதன் தலைப்பு. வென்றது ‘பனோஃபி லெதர்’ என்ற குழு. யேல் பல்கலைக்கழகத்தில் படித்த ஜினாலி மோடி என்ற இந்தியப் பெண் தொடங்கியது. வாழைக்குலை வெட்டியபின் தோட்டத்தில் மிஞ்சும் கழிவிலிருந்து, தோலுக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு பொருளை அவர்கள் செய்தார்கள். தோல் கைப்பை வாங்காதீர்கள் என்று யாருக்கும் அவர்கள் புத்தி சொல்லவில்லை. பை எதனால் செய்யப்படுகிறது என்பதையே மாற்றப் பார்த்தார்கள்.

இனி நமது மலைக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் ஓடும் வீட்டில் சாமான் சிறிது சிறிதாகத்தான் வரும். அதனால்தான் பஜார் கடைகளில் பக்கற்றுகள் பூமாலை மாதிரித் தொங்குகின்றன. உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களுக்கு, 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராம் வரையான சஷேக்களை அரசாங்கம் 2021இல் தடை செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் 20ஐச் சற்றே தாண்டிய பக்கற்றுக்கு அது பொருந்தாது. பால்மாவும் மசாலாத் தூளும் உணவு என்பதால் தடைக்கு வெளியே நிற்கின்றன.

பாவித்த பக்கற் எங்கே போகும்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட அதுவே தடையாயிற்று. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருஷமாகக் குப்பை வண்டிக்கு லயத்துக்கு வரச் சட்டமே வழிவிடாதபோது, லயத்து மக்களுக்குச் சுத்தம் தெரியாது என்று டவுனில் இருந்துகொண்டு சொன்னோம். ஓடையில் விழுந்தது கெஹெல்கமு ஓயாவில் சேரும். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும். அதைக் கடந்தால் களனி கங்கை. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்தக் கங்கையினுடையது.

சங்கிலியின் மறுமுனையிலும் இதே கதைதான். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. அந்தத் தேயிலையில் ஒரு பகுதி பிளாஸ்டிக் இழையாலான பைகளில் அடைபட்டு வெளிநாட்டுக் கோப்பைக்குப் போகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய ஒரு பையைக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் ஊறவைத்தால் ஏறத்தாழ 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலக்கின்றன. கொழுந்து பறித்தவளும் அந்தப் பையைத் தெரிவு செய்யவில்லை. தேநீர் குடித்தவரும் செய்யவில்லை. தெரிவு நடுவில் எங்கோ நடந்துவிட்டது.

அப்படியானால் நமக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. தெரிவு எவர் கையில் உண்டோ அவர் மீதே பொறுப்பும் உண்டு. உண்ணவும் பருகவும் சொல்லும் அதே திருவசனத்திலேயே (7:31) வீண்விரயமும் தடுக்கப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு தண்ணீரில் வுழூச் செய்ததாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளன. ஷாபிஈ மத்ஹபின் கணக்கில் அது முக்கால் லீற்றருக்கும் குறைவு. நாம் குழாயைத் திறந்துவிட்டுத்தான் சட்டைக் கையையே மடிக்கத் தொடங்குகிறோம். ஒரே சஹனில் ஆறுபேர் சுற்றியிருந்து உண்பது நமது வழக்கம். கழுவ ஒரு தட்டு, மிச்சமும் குறைவு. இன்று வலீமாக்களில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு போன பிள்ளைகள் இப்போது சூடான கஞ்சியைப் பொலித்தீன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். இவற்றையெல்லாம் எந்தக் கம்பனியும் நம்மீது திணிக்கவில்லை.

மாணவியிடம் என் வாப்பாவின் கடையைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய்க்குப் போத்தலோடுதான் சனம் வரும். கால் போத்தல் கேட்டாலும் வாப்பா அளந்து ஊற்றுவார். சீனியும் பருப்பும் கடதாசிச் சரையில் போகும். அன்றும் ஏழைகள் சிறிது சிறிதாகத்தான் வாங்கினார்கள். ஆனால் அந்தச் சிறிது ஓடையை அடைக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப டீச்சர், ஷம்புவையும் அப்பிடி அளந்து விக்கலாம்தானே? பெரிய கலன் ஒண்ணு, அளவு போட்ட குழாய் ஒண்ணு. அம்மா பழைய போத்தலக் கொண்டுபோனாப் போதும்” என்றாள்.

“கம்பனி கலன்ல தருமா?”

“அதத்தான் டீச்சர் கேக்கணும். போட்டியே அதுக்குத்தானே.”

செயலியைக் கைவிட்டு, தோட்டக் கடைகளில் அளந்து விற்கும் முறையைப் பற்றிப் புதிதாக எழுதினார்கள். உற்பத்தியாளர் பெரிய கலன்களில் பொருளைத் தந்து, வெறுங்கலனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். இறுதிச் சுற்றுக்கு அவர்கள் தெரிவாகவில்லை. “அளந்து விக்கிறது பழைய முறைதானே, இதுல புத்தாக்கம் எங்கன்னு கேட்டாங்க டீச்சர்” என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரர்கள் பலர் நம்மவர்கள். கால் போத்தல் அளந்து ஊற்றிய கைகளின் பிள்ளைகள். பரிசு கிடைக்காத அந்த யோசனையை ஒரு கடையிலாவது பரீட்சித்துப் பார்க்கலாம். அதற்கு முன், வரும் ரமழானில் நமது பிள்ளைகளின் கையில் மூடியுள்ள ஒரு பாத்திரத்தைக் கொடுத்துக் கஞ்சிக்கு அனுப்பலாம். அதற்கு எந்தக் கம்பனியின் சம்மதமும் வேண்டியதில்லை.