தடத்தை அரிப்பது சக்கரமா, தண்ணீரா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஸ்கூல்கில் ஆற்றில் கலப்பதற்கு முந்தைய ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவுக்கு, விசாகிக்கன் ஓடை மரங்கள் அடர்ந்த செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. வீதிகளும் குடியிருப்புகளும் இருபுறமும் நெருக்க, நடுவே எஞ்சியிருக்கும் இக்காட்டுப் பூங்காவில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் குதிரையில் வருபவர்களும் மலை மிதிவண்டி ஓட்டுபவர்களும் பல பாதைகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஓடையோரச் சரிவில் மண் கரைந்து வேர்கள் வெளியே தெரியத் தொடங்கும்போது, பழி முதலில் விழுவது பெரும்பாலும் மிதிவண்டியின் மீதுதான். ஏனெனில் முரட்டு டயர் பதித்த தடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் காட்டுப் பாதைகளைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகள், யார் அல்லது எது பாதையில் செல்கிறது என்பதைக் காட்டிலும், பாதை சரிவின் எந்தத் திசையில் அமைந்திருக்கிறது, அதில் விழும் மழைநீர் எவ்வழியே வெளியேறுகிறது என்பவையே மண்ணரிப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன எனக் காட்டுகின்றன.

குடிநீருக்காகக் காக்கப்பட்ட பள்ளத்தாக்கு

இப்பள்ளத்தாக்கின் அடித்தளம் 'விசாகிக்கன் சிஸ்ட்' என்று இவ்வோடையின் பெயராலேயே அழைக்கப்படும் உருமாறிய பாறையாகும். தொல்கடலின் அடியில் படிந்த சேறும் மணலும், கண்டத்தட்டுகளின் மோதலில் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கனிம அமைப்பே மாறி, ஏடு ஏடாகப் பிளக்கும் இப்பாறையாயின. காக்காப்பொன் என்று வழங்கும் அபிரகம் இதில் நிறைந்திருப்பதால், இப்பாறை சிதைந்து உருவாகும் மண்ணும் வெயிலில் மின்னுகிறது. அபிரகத் துகள்கள் மெல்லிய தகடுகளாக இருப்பவை. அவை மிகுந்த மண்ணில் துகள்களின் பிணைப்பு வலுவாக இருப்பதில்லை. எனவே மேலே மூடியிருக்கும் இலைச்சருகும் வேர்ப்பின்னலும் நீங்கிய இடங்களில் மழை அதை எளிதில் அடித்துச் செல்கிறது.

ஓடையின் வேகமான இறக்கம் ஒருகாலத்தில் ஏராளமான நீராலைகளை இங்கு ஈர்த்தது. பிரித்தானிய வட அமெரிக்காவின் முதல் காகித ஆலை 1690இல் இவ்வோடையில் சேரும் ஒரு சிற்றோடையின் கரையில் அமைந்தது. பின்னர் ஆலைக்கழிவுகள் நகரின் குடிநீரைக் கெடுக்கும் என்ற அச்சம் வலுக்கவே, பள்ளத்தாக்கைப் பூங்காவுக்காகக் கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றம் 1868இல் வழங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. ஓடையை ஒட்டிச் செல்லும் அகன்ற சரளைச் சாலையில் 1920களில் மோட்டார் வாகனங்கள் தடைசெய்யப்பட்டதால், அது இன்றும் 'ஃபர்பிடன் டிரைவ்', அதாவது தடுக்கப்பட்ட சாலை, என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்றும் நகரின் குடிநீர் நிலையங்களுள் ஒன்று, விசாகிக்கன் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஸ்கூல்கில் ஆற்றிலிருந்து நீர் எடுக்கிறது. ஆகவே சரிவில் கரையும் மண் இங்கே பாதையோடு நின்றுவிடும் சிக்கலாக இல்லை. குடிநீரோடும் தொடர்புடையதாக இருக்கிறது.

சக்கரத்தின் அழுத்தம்

மலை மிதிவண்டி என்பது கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கென அகலமான டயர், உறுதியான சட்டகம், வலுவான பிரேக் ஆகியவற்றோடு உருவான வண்டி. 1970களில் கலிபோர்னியாவின் மரீன் மாவட்ட மலைச்சரிவுகளில் பழைய வண்டிகளை ஓட்டிப் பார்த்த இளைஞர்களிடமிருந்து பிறந்த இவ்விளையாட்டு, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. இவ்வண்டி மண்ணை இருவகையில் தாக்குகிறது. முதலாவது செங்குத்தான அழுத்தம்: மென்மையான டயர் தரையைத் தொடும் பரப்பில் ஏற்படுத்தும் அழுத்தம் அதனுள் இருக்கும் காற்றழுத்தத்தை ஏறத்தாழ ஒத்திருக்கும். ஒரு சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு காற்றழுத்தத்தில் ஓடும் வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 85 கிலோ எடை எனக் கொண்டால், இரு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர்தான். இவ்வழுத்தம் மண்துகள்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகளை நெருக்கி மூடுவதால், நீர் உள்ளிறங்கும் வேகம் குறைகிறது. இரண்டாவது, மேற்பரப்புக்கு இணையாக இழுக்கும் விசை: பின்சக்கரத்தை முழுவதும் பூட்டிச் சறுக்கவிடும்போதும், ஏற்றத்தில் அது பிடிப்பின்றிச் சுழலும்போதும், டயரின் புடைப்புகள் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கின்றன.

எனினும் நடப்பவரின் காலும் மண்ணை விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஜான் வில்சன், ஜோசப் செனி ஆகியோர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மிதிவண்டி ஆகிய நான்கும் கடந்த பாதைத் துண்டுகளில் செயற்கை மழை பொழியச் செய்து, கரைந்து வந்த வண்டல் அளக்கப்பட்டது. முன்னரே நனைந்திருந்த பாதைகளில், சக்கரங்களைவிடக் குளம்புகளும் காலடிகளுமே மிகுந்த வண்டலை எழுப்பின. கனடாவின் ஒன்டாரியோவில், யாரும் மிதிக்காத காட்டுத் தரையில் ஈடன் தர்ஸ்டன், ரிச்சர்ட் ரீடர் ஆகியோர் 500 கடப்புகள் வரை நிகழ்த்தி 2001இல் வெளியிட்ட சோதனையும், செடிகளின் இழப்பிலும் மண் வெளிப்படுவதிலும் நடைக்கும் மிதிவண்டிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றே கூறியது. நகரப் பூங்காவில் ஆண்டு முழுவதும் நிகழும் நெரிசலையோ, வளைவுகளில் வேகமாகச் சறுக்கும் ஓட்டத்தையோ இச்சோதனைகள் முழுமையாகப் பிரதிபலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே இம்முடிவுகளைப் படிக்கவேண்டும்.

நீர் போடும் கணக்கு

காலோ சக்கரமோ இறுக்கிய பாதையில் மழைநீர் உள்ளிறங்காமல் மேலோடத் தொடங்கியபின், மண்ணை நகர்த்தும் வேலையை நீரே ஏற்றுக்கொள்கிறது. ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, கோட்பாட்டளவில், நீரின் வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. அதாவது வேகம் இரட்டித்தால் 64 மடங்கு எடையுள்ள கல்லையும் அது நகர்த்தவல்லது. ஆதலால் பாதை வடிவமைப்பின் முழு நோக்கமும், நீர் ஓரிடத்தில் திரண்டு வேகம் பிடிப்பதற்கு முன் அதைப் பாதையிலிருந்து பக்கவாட்டில் இறக்கிவிடுவதில் அடங்கியிருக்கிறது.

ஒரு சரிவில் ஊற்றிய நீர் இயல்பாக எந்தத் திசையில் வழிந்தோடுமோ, அத்திசையைப் பாதை வல்லுநர்கள் விழுகோடு என்பர். விழுகோட்டிலேயே அமைந்த பாதையின் நடுப்பகுதி தேய்ந்து தாழ்ந்தவுடன், நீர் வெளியேற இருபுறமும் வழியில்லாது போவதால், பாதையே வாய்க்காலாகிவிடுகிறது; மேட்டுத் தெருவிலிருந்து ஓடைக்கு நேராக இறங்க மக்கள் மிதித்துண்டாக்கும் குறுக்குவழிகள் இத்தகையவை. மாறாக, சரிவின் குறுக்கே, சம உயரக் கோட்டை ஏறத்தாழ ஒட்டிச் செல்லும் பாதையில் நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வழிந்துவிடும். இதற்கென வழங்கும் 'பாதி விதி'யின்படி, பாதையின் ஏற்றம் அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டலாகாது: 100 மீட்டருக்கு 30 மீட்டர் உயரும் சரிவில், பாதை 15 மீட்டருக்குமேல் உயரக்கூடாது. பாதை முழுமைக்குமான சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் அடங்குவது நல்லது. பாதையின் தளம் பள்ளத்துப் பக்கமாக 5 விழுக்காடு சாய்ந்திருக்கவேண்டும். இறங்கிச் செல்லும் பாதை இடையிடையே சிறிது ஏறி மீண்டும் இறங்கினால், ஒவ்வொரு தாழ்விலும் நீர் வெளியேறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் ஓட்டுநரின் வேகத்தையும் இயல்பாகக் கட்டுப்படுத்துவதால், பிரேக்கை அழுத்திச் சறுக்கவேண்டிய தேவையும் குறைகிறது.

நகரத்தின் பங்கு

விசாகிக்கனில் சேரும் வண்டலனைத்தும் பாதைகளிலிருந்து வருவதன்று. ஏறத்தாழ 165 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து நீரைச் சேர்க்கும் இவ்வோடையின் வடிநிலத்தில் கூரைகளும் தார்ச்சாலைகளும் வாகன நிறுத்தங்களும் பெருகியிருப்பதால், மழைநீர் நிலத்தில் இறங்காமல் வடிகால்கள் வழியே ஒரேயடியாக ஓடையில் வந்து விழுகிறது. இவ்வாறு திடீரென உயர்ந்து திடீரென வடியும் நகர ஓடை தன் கரைகளைத் தானே அரிக்கிறது. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் எச்சம் பெய்த மழையில், ஸ்கூல்கில் ஆறு கரைபுரண்டு பிலடெல்பியாவின் சாலைகளை மூழ்கடித்தபோது, இதன் உச்சத்தைக் காணமுடிந்தது. ஓடைப்படுகையில் நுண்வண்டல் படியும்போது, கற்களின் இடுக்குகளில் வாழும் பூச்சிப்புழுக்களும், அங்கே இடப்படும் மீன்முட்டைகளும் மூச்சுத்திணறுகின்றன.

இப்பின்னணியில் பார்த்தால், மிதிவண்டிகளை விலக்கும் அறிவிப்புப் பலகை மட்டும் ஓடையைக் காப்பாற்றாது. விழுகோட்டில் இறங்கும் பாதை நடப்பவருக்கு மட்டும் திறந்திருந்தாலும் மழைக்கு மழை அரித்துக்கொண்டேயிருக்கும். அதேபோல் நன்கு அமைந்த பாதையாக இருந்தாலும், நீர் ஊறிய நாளில் அதில் ஓட்டுவது மண்ணின் பிணைப்பைக் குலைக்கும் என்பதால், தரை உலரும்வரை காத்திருப்பது ஓட்டுநரின் கடமையாகிறது. இங்கே 1924 முதல் இயங்கிவரும் விசாகிக்கன் நண்பர்கள் அமைப்பின் தொண்டர்கள், அரித்துப்போன பாதைகளை மூடி, சரிவின் குறுக்கே புதிய தடங்களை அமைத்து வருகின்றனர். யாரை அனுமதிப்பது, யாரைத் தடுப்பது என்று விவாதிக்கும் முன் சாய்வுமானியைக் கையிலெடுத்துப் பாதையின் ஏற்றத்தை அளப்பதே, எந்த நகரத்துக் கரைப்பூங்காவிலும் செய்யவேண்டிய முதல் வேலை.