வட்ட லேபிளில் வளைந்த எழுத்து

சென்ற ஆண்டு சிறுமலைத் தேனைச் சிறு பாட்டில்களில் அடைத்து விற்கலாம் என்று, மூடிக்கு வட்ட ஸ்டிக்கர் 2,000 அடிக்கக் கொடுத்தேன். நடுவில் தேனீ, மேல் வளைவில் 'மலைத்தேன்'. திரையில் பெரிதாகக் காட்டினார்கள். சரி என்று தலையாட்டி வந்துவிட்டேன். மூடியில் ஒட்டிய பிறகு கடைப் பையன் கேட்டான்: "முதலாளி, இது என்ன மலத்தேனா?"

பையன் மேல் தவறில்லை. 'லை'யின் கொம்பு, லகரத்தை விட்டு விலகி மகரத்தின் பக்கம் போய் நின்றது. சாப்பிடும் பொருளின் மேல் அப்படி ஒரு சொல்! அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

காரணத்தை அறிய வேறொரு வடிவமைப்பாளரிடம் அரை நாள் உட்கார்ந்தேன். அச்சகங்களில் பெரிதும் பழகிய கோரல்டிரா, 1989-இல் வந்த மென்பொருள். அதில் ஒரு வட்டத்தை வரைந்து, 'ஃபிட் டெக்ஸ்ட் டு பாத்' கொடுத்தால் சொல் அதன் மேல் ஏறிக்கொள்ளும். ஆனால் எழுத்து வளைவதில்லை. ஒவ்வொன்றும் விறைப்பாக நின்று திரும்புகிறது, அவ்வளவுதான். சிறுமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் சுலபமாகத் திரும்பும், நீள லாரி திணறும் அல்லவா? 'ண', 'ணை' போன்ற அகல எழுத்துகள் அந்த லாரி. வட்டம் சிறிதாகச் சிறிதாகத் திணறல் கூடும்.

பழைய எழுத்துருக்களில் கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனித் துண்டு. மென்பொருளுக்கு 'தே' என்பது இரண்டு எழுத்து, 'கொ' என்பது மூன்று. அரை வட்டத்தை நிரப்ப இடைவெளியை இழுத்தால் கொம்பும் காலும் சேர்ந்தே பிரியும். என் ஸ்டிக்கரில் நடந்தது இதுதான். தமிழக அரசு 2010-இல் ஏற்ற ஒருங்குறியில் தட்டி, அதைச் சரியாகக் கையாளும் புதிய பதிப்பில் வளைத்தால் இந்தத் தொல்லை குறைவு. பழைய எழுத்துருவே என்றால், ஒவ்வொரு துண்டின் புள்ளியையும் பிடித்து நகர்த்தி, கொம்பை அதன் எழுத்தோடு ஒட்ட வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை, கேட்டால்தான் செய்வார்கள்.

கீழ் வளைவு இன்னும் சிரமம். நேராக வாசிக்கும்படி அமைத்தால் எழுத்துகளின் தலைகள் நெருங்கும். 'கி', 'கீ' விசிறிகள் ஒன்றோடொன்று இடிக்கும். அங்கே ஊர்ப் பெயர் போதும். எடை, விலை, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றை வளைக்கவே வேண்டாம். பாட்டிலின் வயிற்றில் நேர்கோட்டில் இருக்கட்டும்.

எல்லாம் சரியானபின் 'கர்வ்' ஆக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது வேறு அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உருவம் மாறாது. மாற்றாத பிரதி ஒன்றையும் வாங்கி வையுங்கள். கர்வ் ஆனபின் எழுத்துப் பிழையைத் தட்டித் திருத்த முடியாது.

இம்முறை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, வெட்டி, மூடியில் வைத்து, அதே பையனிடம் நீட்டினேன். "மலைத்தேன்" என்றான். ஆயிரம் அடிக்கச் சொன்னேன்.